தண்டவாளம் தாண்டிய பர்மா லைன்

கடை ஒன்று சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நான் கேட் அறை வாசலில் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். தகரக் கூரை, பச்சை வண்ணம் அடித்த பலகைச் சுவர், நெற்றியில் ‘சலூன்’ என்று எழுதிய போர்டு. எல்லாம் அப்படியே இருக்க, கடை மட்டும் லேசாக ஆடி ஆடி என்னை நோக்கி வந்தது. அதன் அடியில் நாற்பது ஜோடிக் கால்கள். கடைக்கு முன்னால் சலூன்காரர் மாணிக்கம், போர்வையில் சுற்றிய ஆளுயரக் கண்ணாடியை மார்போடு அணைத்தபடி பின்பக்கமாகவே நடந்தார். தன் கடையிலிருந்து ஒரு நிமிடம்கூட அவர் கண்ணை எடுக்கவில்லை.

கேட்மேன் வேலை கிடைத்த கதையைப் படித்த சில வாசகர்கள், ‘அந்த பர்மா கடைகளைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்களே’ என்று குறைப்பட்டிருக்கிறார்கள். ஒரு வரியில் அடங்காது என்பதால்தான் தள்ளி வைத்திருந்தேன். இந்த வாரம் முழுக்க அதுதான்.

எட்டுக் கடைகள்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருந்தது என் கேட். எங்கள் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. கேட்டிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரம் எட்டு மரக் கடைகள் வரிசையாக நின்றன. எந்தக் காகிதத்திலும் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் அது பர்மா லைன்.

அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறி மெட்ராசில் வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் அவை. இரண்டு தலைமுறையாக அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்கள். அந்த நாட்டு அரசு கையில் எடுத்துவர விட்டது கொஞ்சம் துணி, கொஞ்சம் பாத்திரம். மாணிக்கம் மட்டும் பாத்திரத்துக்குப் பதிலாக அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். பெல்ஜியம் கண்ணாடி என்பார். அதில் முகம் பார்த்தால் நாமே கொஞ்சம் அழகாகத் தெரிவோம்.

பக்கத்தில் கரீம் பாய். டார்ச் லைட், குடை, அடுப்புத் திரி, எதைக் கொடுத்தாலும் உயிர் கொடுத்துத் திருப்பித் தருவார். அடுத்தது கைலிக் கடை. அதை நடத்திய அண்ணன் தம்பி இருவரும் வாடிக்கையாளர் முன்னால் பர்மா மொழியில்தான் விலை பேசிக்கொள்வார்கள். ஒரு டீக்கடை உண்டு. அங்கே டீ வடிகட்டியதும் மேலே ஒரு கரண்டி கெட்டிப்பால் ஊற்றுவார்கள். கலக்காமல் குடிக்க வேண்டும். கசப்பில் தொடங்கி இனிப்பில் முடியும்.

கடைகள் எல்லாவற்றையும் கட்டியவர் சின்னையா ஆசாரி. பர்மாவில் மோல்மீன் பக்கம் மர அறுவை ஆலைகளில் வேலை பார்த்தவர். இங்கே தேக்குக்கு எங்கே போவது? தொழிற்பேட்டையில் வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கும் பெரிய மரப்பெட்டிகளை விலைக்கு வாங்கி, ஆணி அடிக்காமல் பலகைக்குப் பலகை கோத்து, முழங்கால் உயரக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார். மழையில் ஏரித் தண்ணீர் சாலைக்கு வரும். கடைகளுக்கு அடியில் ஓடிவிட்டுப் போய்விடும்.

அரிசி நூல்

வரிசையின் கடைசியில், எல்லாவற்றையும்விடப் பெரியது தங்கம்மா அக்காவின் சாப்பாட்டுக் கடை. அதன் உள்சுவரில் ஏதோ ஜெர்மன் வார்த்தைகள் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். பக்கத்தில் மேல் நோக்கி இரண்டு அம்புக்குறிகள். சாப்பிட்டுக்கொண்டே எத்தனையோ நாள் அவற்றை உற்றுப் பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஜெர்மனியில் எவரோ எழுதியது, ரங்கூனிலிருந்து வந்த ஒருத்தியின் சுவராகி, திண்டிவனத்துக்காரனான நான் அதைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன். உலகம் அவ்வளவு பெரியது என்று எனக்கு அந்தப் பலகை முன்னால்தான் உறைத்தது.

முதல் நாள் அவர் என் முன்னால் வைத்தது மொய்ங்கா. அரிசியில் பிழிந்த மெல்லிய நூல். அதன் மேல் மீனும் வாழைத்தண்டும் சேர்ந்து வெந்த கெட்டிக் குழம்பு. மேலே பொரித்த வெங்காயம், அரை எலுமிச்சை.

“இது என்னக்கா, சேமியாவா?”

“சேமியா இல்ல தம்பி. ஆறுறதுக்குள்ள வாயில வை. பேரை அப்புறம் கேட்டுக்கலாம்.”

வைத்தேன். எங்கள் ஊரில் மீன் குழம்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன் இருக்கிறது என்று தெரியாமலேயே மீன் இப்படி நாக்கெல்லாம் பரவும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கிண்ணம் காலியானதும் நிமிர்ந்தேன். அவர் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு?”

தலையாட்டினேன். அந்த வேலையில் இருந்தவரை என் மதியச் சாப்பாடு அங்கேதான்.

தங்கம்மா அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கணவர் கப்பலிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். கரை இறங்கியதும் அகதி முகாம் வாசலில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியவர். அந்த அடுப்பு வளர்ந்து வளர்ந்துதான் அம்பத்தூரில் இந்தக் கடையானது. தொழிற்பேட்டையில் ஷிப்ட் விட்டால் க்ரீஸ் கையோடு நூறு பேர் வந்து நிற்பார்கள். அத்தோ என்று ஒன்று பிசைந்து கொடுப்பார். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் வெறுங்கையால் ஒரு சுழற்று. கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க.

திங்கட்கிழமை பத்து மணி

நான் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. லாரிகள் பெருகிவிட்டன, சாலையை அகலப்படுத்தப் போகிறோம், கடைகளைக் காலி செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. பர்மா லைன் மனு மேல் மனுவாகப் போட்டது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பம்ப் ஹவுஸை ஒட்டி ஒரு நீளத் துண்டு நிலம் தருவார்கள். ஆனால் நிலம் அளக்கும் குமாஸ்தா வெள்ளிக்கிழமை வந்து தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்: திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே எந்தக் கடை நிற்கிறதோ, அந்தக் கடைக்குத்தான் இடம். நிற்காத கடையைப் பட்டியலில் எழுத முடியாது.

நடுவே இரண்டே நாள். பிரித்துக் கட்டினால் ஒரு கடைக்கே நாலு நாள் ஆகும் என்றார் சின்னையா. பழைய பலகை, பிரித்தால் கோத்த இடமெல்லாம் பிளந்துவிடும். லாரியில் ஏற்றலாமென்றால், என் கேட்டின் இருபுறமும் சாலைக்குக் குறுக்கே இரும்புத் தடை உண்டு. மேலே போகும் மின்கம்பியில் உயரமான சரக்கு எதுவும் படக் கூடாது என்பதற்காக. லாரி மேல் கடை வந்தால் தடையில் இடிக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கேட் அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். தங்கம்மா அக்கா, சின்னையா ஆசாரி, கூடவே டில்லி. டில்லி திருவேற்காட்டுக்காரன், தொழிற்பேட்டையில் டர்னர். அவனுடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர். தன் கல்யாணத்துக்கு அத்தோதான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டவன்.

“தூக்கிடலாம் நைனா,” என்றான் டில்லி. “ஆசாரி சொல்லுது, பர்மால ஊடே தூக்குவாங்களாம். நாளிக்கி லீவு. நம்ம பசங்க அல்லாரும் வந்துகினு கீறாங்க. நீ கேட்டை மட்டும் தொற.”

“தண்டவாளத்து நடுவுல விழுந்தா?”

எனக்கு அது நிரந்தர வேலைகூட இல்லை, தகுதிகாண் காலம். ஊரில் அம்மாவும் தங்கையும் என் மணியார்டரில் இருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

தங்கம்மா அக்கா கோபப்படவில்லை. “உன் வேலைக்கு ஆபத்து வர்ற காரியம் வேணாம் தம்பி,” என்று சொல்லி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். “ஒண்ணு மட்டும் கேக்குறேன். கப்பல்ல வந்தப்ப எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாதுன்னு அடுத்தவங்க சொன்னாங்க. இங்கயும் சட்டத்துல தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?”

அவர்கள் போனபின் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். யானை கடப்பதற்கு விதி இருந்தது. ஆட்டு மந்தைக்கு இருந்தது. ரோடு ரோலருக்கு இருந்தது. கடைக்கு இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு போன் போட்டேன்.

“சார், நாளைக்குக் கடைங்க கேட்டைக் கடக்கணும்னு கேக்குறாங்க சார்.”

“கடைக்காரங்களா?”

“இல்ல சார். கடைங்க.”

மறுமுனையில் அட்டவணையைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். “ஞாயிற்றுக்கிழமை வண்டி கம்மி. ரெண்டு வண்டிக்கு நடுவுல கேட் திறந்திருக்கும்போது யார் போறா, என்ன கொண்டுபோறான்னு நான் கேக்கப் போறதில்ல. நான் சிக்னல் கேக்கும்போது கேட் மூடியிருக்கணும். மூடலேன்னா, உன் மேல ரிப்போர்ட் எழுதுறது நானா இருக்கும். புரிஞ்சுதா?”

புரிந்தது. இருட்டும் முன்பே பர்மா லைனுக்கு நடந்தேன். மூன்று நிபந்தனை சொன்னேன். தோளில் தூக்கக் கூடாது, இடுப்பு உயரத்துக்கு மேல் கடை எழும்பக் கூடாது. கூரை மேல் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. நான் கை காட்டாமல் யாரும் தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது. சின்னையா தன் உளிப்பெட்டியிலிருந்து ஒரு நீளக் கயிற்றை எடுத்து உயரத்தடையை அளக்க அப்போதே கிளம்பிவிட்டார்.

தித், நித், தோன்

கடைகளின் அடியில் நீளவாக்கில் சவுக்குக் கழிகள், குறுக்கே மூங்கில், எல்லாம் தேங்காய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. சின்னையா முன்னால் நின்று பர்மா மொழியில் எண்ணுவார். தித், நித், தோன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். டில்லியின் ஆட்கள் அதை “தித்து, நித்து, தோனு” ஆக்கி, வரிசை முழுக்கக் கத்தினார்கள்.

சலூன்தான் முதலில் வந்தது. நான் கை காட்டினேன். முன்வரிசையின் கால்கள் முதல் தண்டவாளத்தைத் தடவிக் கண்டுபிடித்துத் தாண்டின. கடை ஒருமுறை முனகியது. கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவே போதுமான வெளி தெரிகிறதா என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வலிக்கும்போதுதான் கடை அந்தப் பக்கம் போய்விட்டது தெரிந்தது. மாணிக்கம் கண்ணாடியை மண்ணில் நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதார்.

வண்டி வரும், கேட்டை மூடுவேன். வண்டி போகும், திறப்பேன். ஒரு கடை கடக்கும். கைலிக் கடை. டீக்கடை. கரீம் பாய் கடை கடக்கும்போது உள்ளே ஏதோ ஒரு டார்ச் லைட் தானாகவே எரிந்துகொண்டு போனது. அந்தப் பக்கம் தங்கம்மா அக்கா வெட்டவெளியில் அண்டா ஏற்றியிருந்தார். பூண்டு எண்ணெய் வாசம் தண்டவாளம் தாண்டி வந்தது. “வாசனையே இஸ்துகினு போவுதுபா,” என்றான் டில்லி.

மூன்று மணிக்குள் ஏழு கடைகள் போய்விட்டன. எட்டாவது, தங்கம்மா அக்காவின் கடை. அதற்கு மட்டும் எழுபது பேர்.

இரண்டு பாதைகளுக்கு நடுவே வந்தபோது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். சவுக்குக் கழி முறிந்தது. கடை ஒரு பக்கம் சரிந்து, மூலைக்கட்டை தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. யார் காலும் நசுங்கவில்லை. அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறைக்குள் போன் அடித்தது.

“கேட் ஏன்யா மூடல? ஆவடிலேர்ந்து லோக்கல் கிளம்பிடுச்சு!”

“சார், கடை தண்டவாளத்து மேல நிக்குது சார்.”

கேட் மூடாதவரை சிக்னல் சிவப்புதான், வண்டி வராது. ஆனாலும் விதி விதிதான். சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆவடி திசையில் ஜல்லி மேல் ஓடினேன். தூரத்தில் ரயில் சிக்னலில் நின்று ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடும்போதே வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன எழுதுவது என்றுகூட மனம் ஒரு வரி எழுதிப் பார்த்தது.

ரயிலிலிருந்து ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருநின்றவூரில் ஏதோ கல்யாணம் முடிந்து திரும்பும் கூட்டம், ஞாயிறு ஊர்சுற்றிகள், காக்கி உடையோடு வீடு திரும்பும் ராணுவக்காரர்கள் நாலைந்து பேர். திட்டப் போகிறார்கள் என்று நின்றேன்.

“இன்னாபா ஆச்சு?”

“பர்மா லைன் கடைங்க. நாளைக்கு காலையில அந்தப் பக்கம் நிக்கலேன்னா இடம் கிடையாது. கழி ஒடிஞ்சிடுச்சு.” மூச்சு வாங்கியதில் எனக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது.

பட்டு வேட்டி கட்டிய ஒருவர் கடையை எட்டிப் பார்த்தார். “அது தங்கம்மா கடை இல்ல?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். அப்புறம் இருபது. அப்புறம் தண்டவாளத்தின் இருபுறமும் ஜனம்.

நான் திரும்பி வந்தபோது கடையைச் சுற்றி இடைவெளியே இல்லை. கழி பிடிக்க முடியாதவர்கள் அடிப்பலகையைப் பிடித்திருந்தார்கள். கல்யாணப் புடவையில் இரண்டு பெண்கள் கட்டையில் கை வைத்திருந்தார்கள். சின்னையா ஆசாரிக்குக் குரல் கம்மிவிட்டது. டில்லிதான் கத்தினான். முதல்முறையாகக் கேட்கிறவர்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

தித்! நித்! தோன்!

கடை எழுந்தது. ஒரு சிணுங்கல்கூட இல்லாமல், தண்ணீரில் மிதப்பதுபோல் எழுந்தது. கொடியைக் கீழே போட்டுவிட்டு நானும் ஓடிப் போய் ஒரு பலகையைப் பிடித்தேன். என் கைக்குப் பாரமே தெரியவில்லை. அவ்வளவு பேர் இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஜெர்மன் எழுத்துகள் இருக்கும் இடம் அது.

கடை அந்தப் பக்கம் இறங்கியதும் கேட்டை மூடினேன். சிக்னல் விழுந்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே ரயிலுக்கு ஓடினார்கள். பட்டு வேட்டிக்காரர் மட்டும் போகவில்லை. தங்கம்மா அக்காவின் அண்டா அருகே முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

பட்டியல்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குமாஸ்தா அளவுச் சங்கிலியோடு வந்தார். எட்டுக் கடைகளும் திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். அப்புறம் சலூனில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டு, எட்டையும் எழுதிக்கொண்டு போனார்.

அந்த இடத்தில் பர்மா லைன் ஏறக்குறைய முப்பது வருடம் இருந்தது. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். பிறகு கடைகளை அவர்களே ஒவ்வொன்றாக விற்றார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. என் கேட்டும் இல்லை, கீழே சுரங்கப்பாதை. போன மாதம் காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளை செல்போனில் அத்தோ வரவழைத்தார். நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். “கடையவா மாமா தூக்கினீங்க?” என்று மூன்று முறை கேட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டார்.

விசாரணை

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் தாமதமானதற்கு என் மேல் அறிக்கை போனது. ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னபடியே எழுதியிருந்தார். இரண்டு வாரம் கழித்து விசாரிக்க ஓர் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம். கேட் அறையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

“கேட் மூடத் தாமதமானதற்குக் காரணம். லாரி பழுதா? மாட்டு வண்டியா?”

“கடை சார்.”

“கடைன்னு எழுத இதுல இடமில்ல. நீ என்ன சொல்றேன்னே எனக்குப் புரியல. காட்டு.”

அழைத்துக்கொண்டு போனேன். தங்கம்மா அக்காவின் கடையைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தார். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் மூலைக்கட்டையில் வைத்து, பலம்கொண்ட மட்டும் தள்ளினார். கடை அசையவில்லை. நெற்றி நரம்பு புடைக்க இன்னொரு முறை தள்ளினார்.

“எத்தன பேர் தூக்கினாங்க?”

“முதல்ல எழுபது பேர் சார். அப்புறம் எண்ண முடியல.”

“நீ?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “நானும் ஒரு கை பிடிச்சேன் சார்.”

தங்கம்மா அக்கா கொண்டுவந்து வைத்த டீயை அவர் கவனிக்காமலே குடித்தார். கடையைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், திரும்பவும் கடையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைத் தொடையில் வைத்து எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்.

“பாதசாரிகள் சுமையுடன் கடந்தனர். சுமை சற்றுப் பெரிது. நடுவில் இறக்கிவைத்து மீண்டும் தூக்க நேர்ந்ததால் தாமதம்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இதுல பொய் ஏதாவது இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ கையெழுத்துப் போடு.”